சனிக்கிழமை ஆணை, திங்கட்கிழமை சட்டம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி பல வருடமாகக் கிடந்தது. 1996-இல் வீட்டை இடித்துக் கட்ட முடிவானபோதுதான் அதைக் கீழே இறக்கினோம். தாத்தாவின் கடித நகல் புத்தகம், நாலைந்து தந்திகள், வெளிநாட்டு விலைப்பட்டியல்கள், அடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய தையல் மிஷின் ஊசி ஒரு பொட்டலம். காகிதத்தைப் பிரித்ததும் துரு கொட்டியது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதைத் தூக்கிக் கடல்ல போடுடா. அதாலதான் உங்க தாத்தா கடையை மூடினாரு."

அப்போது நான் புதுச்சேரியில் பதினைந்து வருடத்துக்கு மேல் வரிக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே ஊசியை விட்டுவிட்டுக் காகிதங்களைத்தான் எடுத்துக்கொண்டேன். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் படித்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. ஓர் ஊர் ஒரு நாட்டிடமிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது சுங்கச் சட்டம் எப்படி வந்து இறங்குகிறது, நடுவில் மாட்டிக்கொண்ட வியாபாரி என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்பதை நான் கற்றது எந்த வகுப்பிலும் இல்லை, அந்தப் பெட்டியில்தான்.

கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி ஒரே துண்டான நிலம் இல்லை. பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று ஒவ்வொரு கொம்யூனும் (பிரெஞ்சுக்காரர்கள் பிரித்த உள்ளாட்சிப் பகுதி) பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் திட்டுத் திட்டாகக் கிடக்கும். காரைக்கால் தஞ்சாவூர்ப் பக்கம், மாகே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில். இப்படிப்பட்ட இடத்தில் சுங்க எல்லை போடுவது பெரும் தலைவலி. அதனால்தான் 1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்க ஒன்றியம் ஒன்றை அமைத்துக்கொண்டன. 1949 மார்ச்சோடு அது முடிவுக்கு வந்தது. அதன்பிறகு இந்தியப் பக்கம் சாவடிகள் முளைத்தன, புதுச்சேரித் துறைமுகம் வெளிநாட்டுச் சரக்குக்குத் திறந்த வாசல் ஆனது. கடிகாரம், பேனா, தங்கம் என்று எல்லை தாண்டிப் போன சரக்கைப் பற்றிப் பாட்டிக்கு நிறையக் கதைகள் தெரியும். அவற்றில் பாதியை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை.

தாத்தா கடத்தல்காரர் இல்லை. தையல் மிஷின் ஊசி, பாபின், பெல்ட் இவற்றை ஜெர்மனியிலிருந்து வரவழைத்து விற்றவர். அவருக்கு இந்திய இறக்குமதி உரிமம் எதுவும் இல்லை. பிரெஞ்சுப் புதுச்சேரியில் அது தேவையும் இல்லை.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவு. மூன்று நாள் கழித்து இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம். நவம்பர் 1-இல் ஆட்சி கை மாறும் என்று தேதி குறித்தாகிவிட்டது. ஊரே கொடி தைக்கத் தொடங்கியது. தாத்தாவுக்கு ஊசி வியாபாரம் அந்த இரண்டு வாரத்தில்தான் நன்றாக நடந்தது என்று பாட்டி சொல்வார். இதை நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

சட்டம் வந்த வேகத்தைக் கவனியுங்கள். பிரெஞ்சு நிலப்பகுதிகளுக்கு இந்தியச் சட்டங்களைப் பொருத்தும் ஆணையை மத்திய அரசு வெளியிட்டது அக்டோபர் 30-ஆம் தேதி, சனிக்கிழமை. அது நடைமுறைக்கு வந்தது நவம்பர் 1, திங்கட்கிழமை. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. 1878-ஆம் வருடத்துக் கடல் சுங்கச் சட்டமும் 1947-இன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன் அட்டவணையில் இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம்வரை உரிமம் என்ற பேச்சே இல்லாத சரக்கு, திங்கட்கிழமை காலையில் உரிமம் இல்லாவிட்டால் பறிமுதல் ஆகும் சரக்காக மாறிவிட்டது. தில்லியில் வெளியான அரசிதழ் எத்தனை நாளில் எங்கள் ஊர்க் கடைக்காரர் கையில் கிடைத்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் நகல் புத்தகத்தில் 1954 செப்டம்பரில் எழுதிய ஆர்டர் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டு வந்த தந்தியும் இருக்கிறது. இரண்டு பெட்டி சரக்கு, முன்பணம் கட்டியாகிவிட்டது. கப்பல் வந்தது நவம்பர் மூன்றாம் வாரம். எங்கள் ஊரில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். இரும்புப் பாலத்தை 1952 புயல் ஏற்கெனவே அடித்துக்கொண்டு போயிருந்தது. சரக்கைப் படகில்தான் இறக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் அதுவும் தள்ளிப்போனது. பெட்டிகள் மணலில் வந்து இறங்கியபோது அதிகாரிகள் கேட்ட முதல் கேள்வி: "லைசென்ஸ் எங்கே?"

இங்கேதான் தாத்தா தப்புச் செய்தார். அதிகாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் இருந்த சட்டத்தை அவர்கள் படித்தார்கள். தாத்தா தன் கையில் இருந்ததைப் படிக்கவில்லை. மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவரிடம் போனார். அவர் அந்தக் காலத்து வழக்கப்படி உருக்கமாக ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். "அறியாமையினால் உரிமமின்றி இறக்குமதி செய்துவிட்டேன், சமூகம் கருணை கூர்ந்து மன்னித்து..." என்று போகும் அந்தக் கடிதம். கீழே தாத்தாவின் கையெழுத்து. பறிமுதலுக்குப் பதிலாக அபராதம் கட்டிச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது, தாத்தாவும் கட்டினார். அபராதத்தைச் சேர்த்தால் ஊசியின் அடக்க விலை சந்தை விலைக்கு மேலே போய்விட்டது. மிச்சம்தான் அந்தத் துருப்பிடித்த பொட்டலம்.

அந்த ஆணையை நான் முதல்முறை முழுதாகப் படித்தது இந்தப் பெட்டி கிடைத்த பிறகுதான். அட்டவணையைப் பார்த்தால் பயமாக இருக்கும், வரிசையாக இந்தியச் சட்டங்கள். ஆனால் ஆணையின் 6-ஆம் பத்தி வேறு ஒன்றைச் சொல்கிறது. அட்டவணையில் உள்ள சட்டங்களுக்கு இணையான பழைய சட்டங்கள் இனிச் செல்லாது, ஆனால் ஆணை தொடங்குவதற்கு முன் செய்யப்பட்டவையும் செய்யாமல் விடப்பட்டவையும் இதற்கு விலக்கு. எங்கள் தொழிலில் இதைச் சேவிங் கிளாஸ் என்போம். பழசைக் காப்பாற்றும் வாசகம்.

தாத்தாவைப் போலவே சிக்கிக்கொண்ட வேறு சில இறக்குமதியாளர்கள் அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். யுனிவர்சல் இம்போர்ட்ஸ் ஏஜென்சி வழக்கு என்று பெயர், தீர்ப்பு 1960-இல் வந்தது. அவர்கள் கதையும் அச்சு அசல் இதுதான். நவம்பர் 1-க்கு முன்னால் உறுதியான ஒப்பந்தம், அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த சரக்கு, உரிமம் இல்லை என்று பறிமுதல். 'செய்யப்பட்டவை' என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு நொடி மட்டும்தானா, இல்லை அதன் சட்டப்படியான விளைவுகளும் சேர்த்தா? வழக்கு முழுவதும் இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான். விளைவுகளும் சேர்த்துத்தான் என்றது நீதிமன்றம். ஒப்பந்தத்தின் விளைவாகச் சரக்கு வருகிறது, ஆகவே அதுவும் காக்கப்படுகிறது. பறிமுதல் உத்தரவுகள் ரத்தாயின.

செப்டம்பர் தேதியிட்ட ஆர்டரும் ஏற்புத் தந்தியும் தாத்தாவிடம் இருந்தன. ஜெயித்தவர்களிடம் இருந்த அதே சாமான். கூடவே அவர்களிடம் இல்லாத ஒன்றும் இவரிடம் இருந்தது: குற்றத்தை ஒப்புக்கொண்டு தானே கையெழுத்துப் போட்ட மன்னிப்புக் கடிதம்.

அன்றிலிருந்து எந்த ஆணை, எந்த அறிவிக்கை வந்தாலும் நான் பின்னாலிருந்துதான் படிப்பேன். புதுச் சட்டம் என்ன கேட்கிறது என்பதை எல்லோரும் படிக்கிறார்கள். பழசுக்கு என்ன ஆகும் என்பது கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், ரத்து பற்றிய பிரிவின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். 'முன்னர் செய்யப்பட்டவை', 'எழுந்த உரிமைகள்', 'நிலுவையில் உள்ள நடவடிக்கைகள்' என்று ஒவ்வொரு சட்டத்திலும் வாசகம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். அந்தச் சொல் மாறினால் உங்கள் சரக்கின் கதி மாறும்.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர், ஆட்சி மாறினாலும் பழைய உரிமை எப்போதும் தொடரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கோவாவைப் பாருங்கள். அங்கே பேச்சுவார்த்தையோ ஒப்பந்தமோ இல்லை, 1961 டிசம்பரில் ராணுவம் போய் மீட்டது. அந்த வருடம் அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம்வரை போர்த்துகீசிய அரசிடமிருந்து முறையாக இறக்குமதி உரிமங்கள் வாங்கி வைத்திருந்தார் ஒரு வணிகர். புதிய நிர்வாகமோ, குறிப்பிட்ட தேதிக்கு முன்பே கப்பலேறிய அல்லது பணம் கட்டி முடித்த சரக்குக்கான உரிமங்களை மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. அவருடைய உரிமங்கள் அதில் வரவில்லை. உச்ச நீதிமன்றம் 1965-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வென்ற நாடு எதை ஒப்புக்கொள்கிறதோ அந்த உரிமைதான் மிஞ்சும் என்பது அதன் சாரம்.

ஆக, அரசு உரிமமே கையில் இல்லாத புதுச்சேரிக்காரர்கள் ஜெயித்தார்கள், அரசு முத்திரையோடு உரிமம் வைத்திருந்தவர் தோற்றார். நியாயம் எந்தப் பக்கம் என்று நாம் திண்ணையில் பேசலாம். வழக்கில் எடுபடுவது புதிய அரசு எழுதி வைத்த வாசகம். கோவாவிலும் 'பணம் கட்டியது', 'கப்பலேறியது' என்ற இரண்டு தேதிகள்தான் கோடு கிழித்தன. பேச்சளவில் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு எங்கேயும் பாதுகாப்பு இல்லை.

தேதி என்றதும் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், 1959-இல் காரைக்காலில் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கல் பற்றிய தகராறு. 1956-இல் வந்த ஒரு மத்தியச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 'இது இந்தியா முழுவதற்கும் பொருந்தும்' என்ற முதல் பிரிவை அழுத்தமாகக் கோடு போட்டு என் சீனியரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "1959-ல காரைக்கால் இந்தியாவா தம்பி?" என்று கேட்டார்.

நான் விழித்தேன். நவம்பர் 1-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடி வளர்ந்தவன் நான். ஆனால் 1954-இல் கை மாறியது நிர்வாகம் மட்டுமே. உரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தானாலும், பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதலுக்குப் பிறகு அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இடைப்பட்ட எட்டு வருடமும் சட்டத்தின் கண்ணில் புதுச்சேரி இந்திய ஆட்சிப்பரப்புக்கு வெளியே இருந்தது. 1962-இல் முடிவான ஒரு வழக்கில் மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் அப்படித்தான் சொன்னது, நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சனிக்கிழமை ஆணையே அயல் அதிகாரவரம்புச் சட்டம் என்ற 1947-ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் போடப்பட்டதுதான். பெயரிலேயே 'அயல்' இருக்கிறது. ஆகவே 'இந்தியா முழுவதும்' என்று ஒரு சட்டம் சொன்னால், அந்த எட்டு வருடத்துக்கு அது தானாக எங்களுக்கு வராது. தனியாக ஆணை போட்டு நீட்டித்தார்களா என்று தேட வேண்டும்.

1962-க்குப் பிறகும் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. வருமான வரிச் சட்டம் 1963 ஏப்ரல் 1 முதல். வேறு பல சட்டங்கள் 1963 அக்டோபர் 1 முதல், இன்னும் சில 1968-இல் நாடாளுமன்றம் போட்ட நீட்டிப்புச் சட்டத்தின் மூலம். அதுவரை அந்த அந்த இடத்தில் பிரெஞ்சுச் சட்டம்தான். ஆகவே பழைய புதுச்சேரிக் காகிதம் எதுவும் கைக்கு வந்தால் நான் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு, சம்பவம் நடந்த நாளைக் குறித்து, அந்த நாளில் அந்தப் பொருளுக்கு எந்தச் சட்டம், அது எந்த ஆணை வழியாக, எந்த வடிவத்தில் வந்தது என்று எழுதுவேன். இதற்கு அரை மணி நேரம் ஆகும். தவிர்த்தால் எதிர்த் தரப்பு அந்த வேலையை உங்களுக்காகச் செய்து வைத்திருக்கும்.

'எந்த வடிவத்தில்' என்று சொன்னேன். இதில் எங்கள் சட்டமன்றமே ஒருமுறை சறுக்கியது. 1965-இல் புதுச்சேரிப் பொது விற்பனை வரிச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தைத் தனியாக எழுத யார் மெனக்கெடுவது? 1959-ஆம் வருடத்துச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம், இந்தச் சட்டம் தொடங்கும் நாளுக்குச் சற்று முன் சென்னையில் எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கும் பொருந்தும் என்று எழுதிவிட்டார்கள். தொடங்கும் நாளை அரசு பிறகு அறிவிக்கும். அறிவித்த நாள் 1966 ஏப்ரல் 1. இதற்கிடையே சென்னைச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. அந்தத் திருத்தம் என்னவென்று புதுச்சேரி உறுப்பினர்கள் பார்த்து ஓட்டுப் போடவில்லை, ஆனால் அது அவர்கள் ஊரில் சட்டமாகிவிட்டது. புதுச்சேரிச் சட்டமன்றம் தன் வேலையை இன்னொரு மன்றத்திடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொல்லி, உச்ச நீதிமன்றம் 1967-இல் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்தச் சட்டம் செல்லாது என்று அடித்துவிட்டது. வழக்கு நடக்கும்போதே ஒட்டுப்போடக் கொண்டுவந்த திருத்தமும் நிற்கவில்லை. பிறகு 1967-இல் புதிதாகச் சட்டம் போட்டார்கள்.

வியாபாரிகளிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அன்றாட வேலையில் இதே கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு சட்டம் இன்னொரு சட்டத்தைக் கைகாட்டினால், அது அன்றைய தேதியில் இருந்த சட்டமா, இல்லை இனி மாறப்போவதும் சேர்த்தா? பதில் தெரியாமல் வரி விகிதம் சொல்லாதீர்கள்.

தாத்தாவின் ஊசி எனக்குப் பணமாகத் திரும்பக் கிடைத்தது 2017-இல். அந்த வருடம் நாடு கை மாறவில்லை, ஆனால் ஜூன் 30 நள்ளிரவில் வரிச் சட்டம் மொத்தமாகக் கை மாறியது. என் கட்சிக்காரர் ஒருவருக்கு அன்றிரவு மூன்று லாரி இரும்புச் சாமான் வழியில் இருந்தது. பழைய வரி கட்டிப் புறப்பட்ட சரக்கு, வந்து சேரும்போது ஜி.எஸ்.டி. ஆளப்போகிறது. எனக்கு நவம்பர் மணலில் கிடந்த இரண்டு பெட்டிதான் ஞாபகம் வந்தது. புதுச் சட்டத்தின் கடைசிப் பகுதியைப் புரட்டினால், 140-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவில் வழியில் இருக்கும் சரக்குக்கென்றே இடம் இருக்கிறது: வரி முன்பே கட்டியிருக்க வேண்டும், விலைப்பட்டியலை 30 நாளுக்குள் கணக்கில் ஏற்ற வேண்டும். அன்றிரவே மூன்று லாரியின் பில், எல்.ஆர். என்னும் லாரி ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எனக்கு நானே மின்னஞ்சல் போட்டுத் தேதியைப் பதிய வைத்தேன். அவர், "என்ன சார், இவ்ளோ பயப்படறீங்க?" என்று கேட்டார். பின்னால் கேள்வி வந்தபோது பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

சொல்லப்போனால் எங்கள் ஊரில் எல்லை இன்னும் முழுதாக அழியவில்லை. முள்ளோடையிலும் கோரிமேட்டிலும் தாண்டிப் போகும்போது பாட்டிலுக்காக இன்றும் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். மதுவுக்கான வரி இந்தப் பக்கம் வேறு, அந்தப் பக்கம் வேறு. பாட்டி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

தாத்தாவின் மன்னிப்புக் கடித நகலை நான் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "அப்ப அவர் என்னதான் சார் எழுதியிருக்கணும்?" என்று கேட்டார். மேசையில் கிடந்த ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்:

"இந்தச் சரக்கு 1954 செப்டம்பரில் உறுதியான ஒப்பந்தத்தின் பேரில், முன்பணம் கட்டி வாங்கப்பட்டது. ஆர்டரும் ஏற்புத் தந்தியும் இத்துடன் உள்ளன. அந்தத் தேதியில் இங்கே இந்திய உரிமம் தேவைப்படவில்லை, ஆகவே ஆணையின் 6-ஆம் பத்தி இந்த இறக்குமதியைக் காக்கிறது. சரக்கு மழையில் கெடாமல் இருப்பதற்காக மட்டுமே, என் ஆட்சேபத்தைப் பதிவு செய்து, அபராதத்தைக் கட்டுகிறேன்."